பால் மில்: குண்டுகள் சுவரோடு சுற்றினால்

வணக்கம் சார். 90 செ.மீ. உள்விட்டமுள்ள பால் மில்லை, அதாவது குண்டுகள் போட்டுச் சுழற்றி அரைக்கும் டிரம்மை, நிமிடத்துக்கு 45 சுற்றில் எட்டு மணி நேரம் ஓட்டியும் ஃபெல்ட்ஸ்பார் (பீங்கானுக்குச் சேர்க்கும் கனிமக் கல்) நைசாகவில்லை, பெரிய மோட்டார் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், கோளாறு வேகத்தில்தான்.

டிரம்மின் உள்விட்டத்தில் குண்டின் விட்டத்தை மீட்டர் கணக்கில் கழியுங்கள். வரும் எண்ணின் வர்க்கமூலத்தால் 42.3ஐ வகுங்கள். உங்கள் 50 மி.மீ. குண்டுக்கு ஏறக்குறைய 46 வரும். அந்த வேகத்தில் குண்டுகள் கீழே விழாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டே சுற்றும். நீங்களோ 45இல் ஓட்டுகிறீர்கள், அப்புறம் எப்படி அரைபடும்? அந்த 46இல் 65 முதல் 75 சதவீதம், அதாவது 30–34 சுற்று போதும். மோட்டார் புல்லியைச் சிறிதாக்கிப் பாருங்கள். மில்லுக்குப் பக்கத்தில் நின்று கேட்டால், குண்டுகள் சடசடவென்று தொடர்ந்து கொட்டும் சத்தம் வர வேண்டும்.

உள்சுவர் வழவழப்பாக இருந்தால் குண்டு வழுக்கும். நீளவாக்கில் பட்டைகள் வைத்தால் தூக்கிவிடும். குண்டுகளையும் ஒரே அளவாகப் போடாமல் 50, 40, 25 மி.மீ. என்று கலந்து, டிரம்மில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே நிரப்புங்கள்.

ஒன்று மட்டும் கவனம்: இந்தப் பொடி வெள்ளைப் பீங்கானுக்கு என்றால் இரும்புக் குண்டு கூடவே கூடாது, சூளையில் சுட்டதும் கரும்புள்ளி விழும். அலுமினா (கெட்டியான பீங்கான் வகை) குண்டு, டிரம்மின் உள்சுவருக்கும் அலுமினா லைனிங் போடுங்கள்.