அமெரிக்காவுக்குப் போஸ்ட்டொக் போற மகளுக்கு டெக்ஸ் இல்லையா?

வெள்ளவத்தையில இருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறா. மகள் கெமிஸ்ட்ரியில பிஎச்டி முடிச்சிட்டு ஜே-1 விசாவில அமெரிக்காவுக்கு ஆராய்ச்சிக்குப் போறா, அதே லேப்ல இருக்கிற சென்னைத் தம்பி ஒருத்தர் "ரெண்டு வருசத்துக்கு டெக்ஸே இல்ல, ஒரு ஃபோர்ம் நிரப்பிக் குடுத்தா சரி" எண்டு சொல்லியிருக்கிறார், வீட்டில அதை நம்பி லோன் கட்டுற கணக்கெல்லாம் போட்டாச்சாம், அது சரிதானே எண்டு கேக்கிறா.

அக்கா, அந்தத் தம்பி பொய் சொல்லேல்ல. அது அவருக்குச் சரி, உங்கட மகளுக்குச் சரிவராது. அமெரிக்கா ஒவ்வொரு நாட்டோடயும் தனித்தனியா வரி ஒப்பந்தம் போட்டிருக்கு. இந்தியாவோட போட்டதில படிப்பிக்கவோ ஆராய்ச்சி செய்யவோ வாறவைக்கு 22ஆம் பிரிவில ரெண்டு வருச விலக்கு இருக்கு, பாகிஸ்தானில இருந்து படிப்பிக்க வாறவைக்கும் அப்பிடி ஒண்டு இருக்கு. எங்கட ஒப்பந்தம் 1985இல கையெழுத்தாகி 2004இலதான் நடைமுறைக்கு வந்தது, அதில மாணவர், பயிற்சிக்கு வாறவைக்கு ஒரு பிரிவு இருக்கு, ஆனா ஆராய்ச்சியாளர் சம்பளத்துக்கு எண்டு ஒண்டுமில்ல. 183 நாளுக்கு மேல நிக்காட்டிச் சம்பளத்துக்கு வரியில்ல எண்டிற பிரிவைக் காட்டிச் சிலர் குழப்புவினம், சம்பளம் குடுக்கிறது அமெரிக்க யூனிவர்சிட்டி எண்டா அதுவும் உதவாது.

அந்தத் தம்பி சொன்ன ஃபோர்ம் 8233, ஒப்பந்தப்படி சம்பளத்தில வரி பிடிக்க வேண்டாம் எண்டு கேக்கிற படிவம். அதில போடுற கையெழுத்து சட்டப்படி ஒரு சத்தியம் மாதிரி, பொய்யெண்டா தண்டனைக்குரிய குற்றம். எச்ஆர்ல கவனிக்காம ஏத்துக்கொண்டாலும் பிறகு வரி, வட்டி, அபராதம் எல்லாம் பிள்ளையின்ர தலையிலதான் வந்து விழும். தயவுசெய்து "எல்லாரும் போடுகினம் நானும் போடுறன்" எண்டு போட விடாதேங்கோ.

இந்த விலக்கு பாஸ்போர்ட்டைப் பாத்துக் குடுக்கிறதில்ல எண்டதும் கனபேருக்குத் தெரியாது. அமெரிக்காவுக்குப் போறதுக்குச் சரியா முன்னுக்கு எந்த நாட்டில வரிக்கணக்குப்படி வசிச்சீங்கள் எண்டதைத்தான் இந்திய ஒப்பந்தம் பாக்குது. இஞ்சயிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் போய் பிஎச்டி செய்யுற எங்கட பிள்ளையள் எத்தினை பேர்! அவை அங்கயிருந்து நேர அமெரிக்கா போனா, இலங்கைப் பாஸ்போர்ட்டோடயே அந்தப் பிரிவைக் கேக்க வழியிருக்கு, இந்திய வருமானவரிக் காரரிட்ட வசிப்புச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு போகோணும். ஆனா ரெண்டு வருசத்துக்கு மேல நிண்டா முதல் நாளில இருந்து கிடைச்ச விலக்கு முழுக்கப் போயிடும், பழைய வரியெல்லாம் கட்டச் சொல்லுவினம், அதால மூண்டு வருச ஓஃபர் வந்தவை கையெழுத்துப் போட முதல் நல்லா யோசிக்கோணும்.

உங்கட மகள் கொழும்பில இருந்து நேர போறபடியா அந்த வழி இல்ல. எண்டாலும் மனசு விடாதேங்கோ, அவவுக்கு வேற ஒரு நல்ல சலுகை இருக்கு, அதைப்பற்றி ஒருத்தரும் சொல்லியிருக்க மாட்டினம்! ஜே-1இல போற ஆராய்ச்சியாளரை வரிக்கணக்கில முதல் ரெண்டு வருசம் வெளிநாட்டுக்காரராத்தான் வச்சிருப்பினம், அந்தக் காலத்தில சோஷல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகெயார் (முதுமைக்கால மருத்துவம்) எண்டு சம்பளத்தில கழிக்கிற 7.65 வீதம் இல்ல. சம்பளம் 60,000 டொலர் எண்டு வைச்சா வருசத்துக்கு 4,590 டொலர் கையில நிக்கும். இதுக்கு ஒப்பந்தமே தேவையில்ல. முதல் பேஸ்லிப்பில கழிச்சிருந்தா உடன போய்ச் சொல்லச் சொல்லுங்கோ.

இந்த ரெண்டு வருசம் கலண்டர் வருசம். டிசம்பர் 28 போய் இறங்கினாலும் அந்த வருசம் முழுசா ஒரு வருசமாக் கணக்குக்குப் போயிடும். பேராசிரியர் சம்மதிச்சா டிசம்பரை விட்டிட்டு ஜனவரியில போறது எவ்வளவோ மேல், நான் எண்டா அதைத்தான் முதல்ல கேப்பன்.

மற்றப் பக்கம், வெளிநாட்டுக்காரர் எண்ட கணக்கில இருக்கேக்க அங்கத்தையாருக்குக் குடுக்கிற ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் (வரி போட முதல் வருமானத்தில கழிச்சு விடுற தொகை) கிடையாது, அதால ஃபெடரல் வரி முதல் டொலர்ல இருந்தே 10 வீதத்தில தொடங்கி 12, 22 எண்டு ஏறும். மாநில வரி வேற. டெக்சாஸ், ஃப்ளோரிடாவில சம்பளத்துக்கு மாநில வரியே இல்ல, கலிபோர்னியாவில ஒப்பந்த விலக்கு கிடைச்ச இந்தியப் பிள்ளையளுக்கும் மாநில வரி வெட்டுவினம். ரெண்டு ஓஃபர் கையில இருந்தா வரி போன பிறகு வாற காசை வச்சுத்தான் ஒப்பிடோணும், ஆனா நல்ல லேப்பை விட்டிட்டு வரிக்காக மட்டும் வேற இடம் தெரிவுசெய்ய வேண்டாம், அவவின்ர வயசில யாரோட வேலை செய்யுறா எண்டதுதான் பெரிசு.

இந்தக் கிழமையே யூனிவர்சிட்டியின்ர இன்டர்நேஷனல் ஒஃபிசுக்கு ஒரு மெயில் போடச் சொல்லுங்கோ. குடுக்கிறது சம்பளமா ஃபெலோஷிப்பா (சம்பளமா இல்லாம ஆராய்ச்சிக்கெண்டு குடுக்கிற உதவிப்பணமா) எண்டு எழுத்தில கேக்கோணும், ஃபெலோஷிப் எண்டா ஜே-1காரருக்கு 14 வீதம் பிடிக்கிற முறை, கணக்கே மாறிடும். வெளிநாட்டுக்காரர் கணக்கில இருக்கிற வருசமெல்லாம் 8843உம் (அந்த நாள்க்கணக்கைக் காட்டுற படிவம்) 1040-என்ஆரும் (வெளிநாட்டுக்காரரின்ர வரிக்கணக்குப் படிவம்) ஏப்ரல் 15க்கு முதல் போடோணும். மருமகனும் ஜே-2இல (ஜே-1காரரின்ர குடும்பத்துக்குக் குடுக்கிற விசா) போய் வேலை செய்யப் போறார் எண்டா அவருக்கு அந்த 7.65 வீத விலக்கு இல்ல, அவற்ற சம்பளத்தில முதல் மாசமே கழிப்பினம், லோன் கணக்கைத் திரும்பப் போடேக்க அதையும் சேர்த்துக்கொள்ளுங்கோ.