சானி கணவாயின் உச்சியில் பார்த்த தடித்த பச்சைத் தண்டு எந்த வகை லைக்கோபோடியம்?

தென்னாப்பிரிக்கா–லெசோத்தோ எல்லையிலுள்ள சானி கணவாயில் பாறையிடுக்கில் நின்றது, பெருவிரல் தடிமன் இருந்தது, நுனியில் கூம்பு எதுவும் இல்லை என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது, பூவும் விதையும் இல்லாமல் ஸ்போர் என்ற நுண்துகளால் பெருகும் லைக்கோபோடியக் குடும்பத்தின் ஹூபர்சியா சௌரூரஸ். இப்போது பிளெக்மாரியூரஸ் சௌரூரஸ் என்று பெயரை மாற்றிவிட்டார்கள். தாவரவியலாளர்களுக்கு இதே வேலை.

லைக்கோபோடியம் என்றதும் நம் ஊர்க் கல்லூரி ஆய்வகத்தில், ஊட்டியிலிருந்து கொண்டுவந்து ஃபார்மலினில் போட்டு வைத்திருக்கும் செடிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதில் ஸ்போர் தாங்கும் கூம்பு இருக்கும், அதனால் இங்கும் கூம்பைத் தேடுகிறோம். இந்த இனத்தில் கூம்பே கிடையாது. புட்டி கழுவும் பிரஷ் போல இலைகள் தண்டைச் சுற்றி நெருக்கமாக மேல்நோக்கி அடுக்கியிருக்கும். மேற்பகுதி இலைகளின் கக்கத்தில் மஞ்சள் நிற ஸ்போர்ப் பைகள் ஒளிந்திருக்கும். மேலிருந்து எடுத்த படத்தில் அவை தெரியாது. பக்கவாட்டில், தரையோடு தரையாகக் குனிந்து எடுக்க வேண்டும்.

இடமும் ஒரு சாட்சிதான். சானி கணவாயின் உச்சி 2,876 மீட்டர். கணவாய் இருக்கும் டிராக்கன்ஸ்பெர்க் மலைத்தொடரின் கீழ்ப்பகுதி மணற்கல்; மேலே ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட். கோடை மழை அதன் விரிசல்களில் இறங்கி, விளிம்புகளில் கசிந்துகொண்டே இருக்கும். குளிர்காலத்தில் புல்வெளி காய்ந்து தீப்பிடித்தாலும் பாறை விளிம்புக்கு நெருப்பு எளிதில் வராது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகவே போகிறது. ஆகவே தெற்கு பார்த்த சரிவுகள்தான் நிழலும் ஈரமுமாக இருக்கும். நான் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து மலைக்குப் போகும்போதெல்லாம் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் பார்ப்பேன்.

மற்ற இரண்டோடு குழப்பம் வராது. லைக்கோபோடியம் கிளாவேட்டம் தரையில் நீளமாகப் படரும். இலை நுனியில் மெல்லிய மயிரிழை இருக்கும். கூம்புகள் தனிக் காம்பில் நிமிர்ந்து நிற்கும். லைக்கோபோடியம் செர்னுவம் குட்டி மரம் போல் கிளைவிட்டு, கிளை நுனிதோறும் சிறு கூம்பைத் தலைகவிழத் தொங்கவிடும். அது வெதுவெதுப்பான தாழ்நிலத்தின் ஈர மண்மேடுகளுக்கு உரியது. பனி கொட்டும் உச்சியில் அதற்கு வேலையில்லை.

உங்கள் அம்மா இதைக் கஷாயம் வைத்துக் குடிக்கலாமா என்று கேட்டாராம். வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஹோமியோபதிக் கடையில் லைக்கோபோடியம் என்று விற்பது கிளாவேட்டத்தின் ஸ்போரிலிருந்து செய்வது, செடியே வேறு. ஹூபர்சியா வகைகளில் நரம்பு மண்டலத்தைத் தாக்கக்கூடிய ஆல்கலாய்டுகள் உண்டு. அதோடு, அந்த மலையின் தென்னாப்பிரிக்கப் பக்கத்துப் பூங்கா 2000ஆம் ஆண்டிலிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். அனுமதியின்றி ஒரு கிளையைக்கூட ஒடிக்கக் கூடாது.

பக்கவாட்டுப் படம் இருந்தால் இங்கேயே பதிவிடுங்கள், உறுதிசெய்துவிடலாம்.