கேள்வி - பதில்: தீவுப் போர்களில் தரைப்படைக்கு என்ன வேலை?

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகள் என்றாலே அமெரிக்காவின் மரைன் படைதான் படத்திலும் வருகிறது, புத்தகத்திலும் வருகிறது. ராணுவத்தின் தரைப்படை அங்கே இருந்ததா? இல்லை, எல்லோரும் ஐரோப்பாவில் ஹிட்லரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்களா?

இருந்தது. அதுவும் மரைன்களைவிடப் பல மடங்கு. மரைன் படை என்பது கடற்படையோடு சேர்ந்து கப்பலிலிருந்து கரையேறிப் போரிடும் தனிப் படை. போர் முடியும்போது அதனிடம் மொத்தம் 6 டிவிஷன்கள். பசிபிக் பக்கம் அனுப்பப்பட்ட தரைப்படை டிவிஷன்கள் 20க்கும் மேல். ஒரு டிவிஷன் என்றால் ஏறக்குறைய 15,000 பேர் என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் புரியும்.

அப்புறம் ஏன் மரைன்களின் பெயர் மட்டும் நிற்கிறது? ஐவோ ஜிமா மலையில் கொடி நட்ட அந்த ஒரு புகைப்படம் ஒரு காரணம். 1945 பிப்ரவரி 23 அன்று எடுத்தது, உலகத்தில் அதைப் பார்க்காதவர்கள் குறைவு. மரைன் படை சின்னப் படை, தன் வீரர்களைப் பற்றிய செய்தி வெளியே போக வேண்டும் என்று அக்கறையாக வேலை செய்த படை. தரைப்படைக்கு அந்த வாய்ப்பு இல்லை. தென்மேற்குப் பசிபிக்கின் தலைமைத் தளபதி ஜெனரல் மெக்ஆர்தரின் தலைமையகத்திலிருந்து போன அறிக்கைகளில் மெக்ஆர்தர் பெயர்தான் இருக்கும். கீழே எந்த டிவிஷன் எந்தச் சேற்றில் கிடந்தது என்று ஊரில் இருக்கும் தாய் தகப்பனுக்குத் தெரிவதற்கே நாளாகும்.

ஆனால் பட்டியலைப் பாருங்கள். நியூகினியின் வட கரை முழுக்க, ஹாலண்டியா, பியாக், நோயம்ஃபூர் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துப் போனது தரைப்படை, ஆஸ்திரேலியர்களோடு சேர்ந்து. பிலிப்பைன்ஸில் 1944 அக்டோபர் 20 அன்று லெய்ட்டேயில் இறங்கியது நான்கு தரைப்படை டிவிஷன்கள். அடுத்த ஜனவரி 9 அன்று லூசோனில் இறங்கியதும் தரைப்படைதான். மரைன் பீரங்கிக்காரர்களும் விமானிகளும் பிலிப்பைன்ஸில் உதவினார்கள், உண்மை. ஆனால் மரைன் காலாட்படை டிவிஷன் ஒன்றுகூட அங்கே இல்லை. மணிலா நகரத்தில் தெருத் தெருவாக நடந்த சண்டையில் சுமார் ஒரு லட்சம் பொதுமக்கள் செத்தார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். அவ்வளவு பெரிய கொடுமை நடந்த போர்க்களம் நம் பேச்சில் வருவதே இல்லை, எனக்கு அது பெரிய வருத்தம்.

ஒகினாவாவிலும் இப்படித்தான். அங்கே போரிட்ட பத்தாவது ராணுவத்தில் மரைன்களும் இருந்தார்கள், தரைப்படையும் இருந்தது. கரையில் நடந்த சண்டையில் இறந்தோ காணாமலோ போனவர்கள் தரைப்படையில் சுமார் 4,700 பேர், மரைன்களில் சுமார் 2,900 பேர். மரைன்களின் தியாகத்தை நான் ஒரு துளியும் குறைத்துச் சொல்லவில்லை. தராவாவிலும் ஐவோ ஜிமாவிலும் அவர்கள் கொடுத்த விலை பயங்கரமானது. பக்கத்தில் நின்றவனையும் பார்க்க வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): முதன்முதலில் இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சண்டை போட்டது எங்கே?

ஜப்பானியர்களைத் திருப்பித் தாக்கிய போர்களில் என்றால், சாலமன் தீவுகளில் உள்ள குவாடல்கனாலில். 1942 ஆகஸ்ட் 7 அன்று மரைன்கள் இறங்கி அங்கிருந்த விமானதளத்தைப் பிடித்துவிட்டார்கள், ஆனால் ஜப்பானியர்கள் விடுவதாக இல்லை. அக்டோபர் 13 அன்று தரைப்படையின் 164வது ரெஜிமென்ட் (டிவிஷனுக்குக் கீழான பிரிவு) வந்து சேர்ந்தது. வடக்கு டகோட்டா மாநிலத்தின் நேஷனல் கார்டு பையன்கள். போருக்கு முன்னால் வாரத்தில் ஒரு நாள் பயிற்சிக்கு வந்து போய்க்கொண்டிருந்த ஊர்க்காரர்கள்.

அக்டோபர் 24 இரவு கொட்டுகிற மழையில் ஜப்பானியர்கள் விமானதளத்தின் தெற்குப் பக்கம் பாய்ந்தபோது, மரைன்களின் ஒற்றை பட்டாலியன் (ரெஜிமென்ட்டுக்கும் கீழான பிரிவு) தாங்க முடியாமல் தவித்தது. அப்போது 164வது ரெஜிமென்ட்டின் ஒரு பட்டாலியனை அந்த இருட்டிலேயே, சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப்போய் மரைன்களின் குழிகளிலேயே இறக்கினார்கள். முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது, பக்கத்தில் இருப்பவன் யார் என்று தெரியாது. அந்த நிலையில் விடியும்வரை நின்றார்கள். அவர்கள் கையில் எட்டுத் தோட்டாக்களை அடுத்தடுத்துச் சுடும் புதிய கேரண்ட் துப்பாக்கி. மரைன்களிடமோ ஒவ்வொரு முறையும் போல்ட்டை இழுத்துவிட்டுச் சுட வேண்டிய பழைய ஸ்பிரிங்ஃபீல்டு. மரைன் தளபதி வாண்டர்கிரிஃப்ட்டே அந்த ரெஜிமென்ட்டைப் பாராட்டிச் செய்தி அனுப்பினார். டிசம்பரில் முதலாவது மரைன் டிவிஷன் ஓய்வுக்குப் போனது. மிச்சப் போரை, ஆஸ்டன் மலையையும் அதன் காடுகளையும் பிப்ரவரி வரை ஒரு வழியாக முடித்தது பெரும்பாலும் தரைப்படைதான், ஜெனரல் பேட்ச் தலைமையில்.

கேள்வி (சேலம் வாசகர்): மரைன்கள் வேகமாக முன்னேறுவார்கள், தரைப்படை மெதுவாகப் போகும், அதனால்தான் சைபான் தீவில் ஒரு தரைப்படை ஜெனரலையே பதவியிலிருந்து தூக்கினார்கள் என்று படித்தேன். அது உண்மையா?

தூக்கியது உண்மை. காரணம் அவ்வளவு எளிமையானது இல்லை.

முதலில் இரண்டு படைகளின் பழக்கத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். மரைன்கள் கடற்படையின் பிள்ளைகள். கரையோரம் கப்பல்கள் எத்தனை நாள் நிற்கிறதோ அத்தனை நாளும் நீர்மூழ்கியோ விமானமோ வந்து அடிக்கலாம், அதனால் சீக்கிரம் முடி, கப்பலை விடு என்பது அவர்கள் பாடம். இதில் நியாயம் இருக்கிறது. 1943 நவம்பரில் மாக்கின் தீவைத் தரைப்படை பிடித்து முடித்த மறுநாள், லிஸ்கம் பே என்ற விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பானிய நீர்மூழ்கி மூழ்கடித்ததில் 644 பேர் போனார்கள். மாக்கினில் இறந்த தரைப்படையினர் 66 பேர்தான் என்பதை வைத்துப் பார்த்தால் கடற்படைக்காரர்கள் கோபப்பட்டதில் ஆச்சரியம் இல்லை. தரைப்படையின் பாடம் வேறு. மாதக்கணக்கில் நடக்கிற போருக்குப் பயிற்சி பெற்றவர்கள், முதலில் பீரங்கியால் அடி, எதிரி எங்கே இருக்கிறான் என்று பார், அப்புறம் ஆளை அனுப்பு என்பார்கள்.

1944 ஜூனில் சைபானில் நடுவில் 27வது தரைப்படை டிவிஷன், இரண்டு பக்கமும் மரைன்கள். நடுவில் இருந்த பள்ளத்தாக்குக்கு வீரர்களே வைத்த பெயர் மரணப் பள்ளத்தாக்கு. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் குன்று, இரண்டிலும் குகைகளில் ஜப்பானியர்கள், கீழே ஒதுங்க இடமில்லாத திறந்த வெளி. நடு வரிசை பின்தங்கியது. கரையில் இரண்டு படைகளுக்கும் மேலே இருந்த மரைன் ஜெனரல் ஹாலண்ட் ஸ்மித், 27வது டிவிஷனின் தளபதியான தரைப்படை ஜெனரல் ரால்ஃப் ஸ்மித்தை ஜூன் 24 அன்று நீக்கிவிட்டார். இரண்டு பேருக்கும் ஒரே குடும்பப் பெயர் என்பதால் ஸ்மித்துக்கும் ஸ்மித்துக்கும் சண்டை என்றே பத்திரிகைகள் எழுதின. பிறகு தரைப்படை ஜெனரல் பக்னர் தலைமையில் நடந்த விசாரணை, நீக்குவதற்கு அதிகாரம் இருந்தது, ஆனால் நீக்கியதற்குப் போதுமான காரணம் இல்லை என்றது. அந்த விசாரணைக் குழுவில் இருந்தவர்கள் எல்லோரும் தரைப்படைக்காரர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் கருத்து இதுதான்: அந்தப் பள்ளத்தாக்கில் எந்தப் படையை நிறுத்தியிருந்தாலும் மெதுவாகத்தான் போயிருக்கும். அதற்கு இரண்டு வாரம் கழித்து, ஜூலை 7 விடியற்காலையில், ஜப்பானியர்கள் மூவாயிரத்துக்கும் மேல் திரண்டு வந்து செத்தாலும் சரி என்று பாய்ந்தபோது அந்த அடி விழுந்ததும் இதே 27வது டிவிஷனின் இரண்டு பட்டாலியன்கள் மேல்தான். 900க்கும் மேற்பட்டவர்கள் செத்தோ காயம்பட்டோ விழுந்தார்கள்.

அதில் ஒருவர் பென் சாலமன், பல் டாக்டர். அன்று ஒரு பட்டாலியனின் மருத்துவர் இடத்தில் இருந்தார். காயம்பட்டவர்கள் கிடந்த கூடாரத்துக்குள் எதிரிகள் நுழைந்துவிட்டார்கள். அவர்களை எதிர்த்துவிட்டு, நடக்க முடிந்தவர்களைப் பின்னால் போகச் சொல்லிவிட்டு, அவர் ஓர் இயந்திரத் துப்பாக்கியைப் பிடித்து உட்கார்ந்தார். பிறகு உடலைக் கண்டெடுத்தபோது துப்பாக்கிக்கு முன்னால் 98 எதிரிகளின் உடல்கள் கிடந்தன. மருத்துவப் பிரிவைச் சேர்ந்தவர் ஆயுதம் எடுத்ததால் விருது தரக்கூடாது என்று அப்போது திருப்பி அனுப்பினார்கள். அமெரிக்காவின் மிக உயர்ந்த மெடல் ஆஃப் ஹானர் அவருக்குக் கிடைத்தது 2002இல். 58 வருடம்.

அதே 1944 ஜூலையில் குவாம் தீவில் இறங்கி மரைன்களோடு சேர்ந்து சண்டை போட்ட 77வது தரைப்படை டிவிஷனை, மரைன்களே பாசமாக 77வது மரைன்கள் என்று கூப்பிட்டார்கள். மேலே இருப்பவர்கள் சண்டை போட்டுக்கொண்டாலும் கீழே குழியில் கிடப்பவர்களுக்குள் அந்தப் பிரிவினை அவ்வளவாக இல்லை.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): கரையில் இறங்கியதும் பாதிப் போர் முடிந்துவிடுமே, அதற்குப் பிறகு தரைப்படைக்கு என்னதான் வேலை?

கரையேறுவது ஒரு நாள் வேலை. பெரும்பாலான தீவுகளில் உண்மையான போர் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

பெலெலியூ தீவைப் பாருங்கள். 1944 செப்டம்பர் 15 அன்று இறங்கிய மரைன் தளபதி மூன்று நான்கு நாளில் முடியும் என்று நினைத்தார். ஜப்பானியர்கள் பவளப்பாறைக் குன்றுக்குள் குகை குகையாகத் தோண்டி உட்கார்ந்திருந்தார்கள். மரைன்களின் ஒரு ரெஜிமென்ட் ஒரு வாரத்திலேயே பாதிக்கு மேல் ஆட்களை இழந்தது. பிறகு வந்த தரைப்படையின் 81வது டிவிஷன் அந்தக் குன்றுகளை முடித்தது நவம்பர் 27 அன்று.

எப்படி முடித்தார்கள் தெரியுமா? மணல் மூட்டை. பவளப்பாறையில் குழி தோண்ட முடியாது, குண்டு பட்டால் பாறைச் சில்லும் சேர்ந்து உடம்பில் ஏறும். அதனால் மணலை மூட்டை கட்டி மேலே சுமந்துபோய், தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு மூட்டையை முன்னால் தள்ளித் தள்ளி, அதன் மறைவில் ஊர்ந்தார்கள். ஒரு நாள் முழுக்க ஊர்ந்து சில கஜம் போனாலே பெரிய விஷயம். கூடவே லாரியிலிருந்து சில நூறு கஜத்துக்குக் குழாய் போட்டு, குகை வாயில் எண்ணெயைப் பீய்ச்சி, பாஸ்பரஸ் குண்டால் கொளுத்தினார்கள். எழுதவே கை கூசுகிறது. உள்ளே இருந்தவர்களும் மனிதர்கள்தானே.

இன்னொரு எதிரி கொசு. நியூகினியின் பூனாவில் 1942 நவம்பரில் இறக்கிவிடப்பட்ட 32வது டிவிஷனுக்குக் காட்டுப் பயிற்சி சரியாக இல்லை, பீரங்கி போதவில்லை. சீருடைக்குக் கடைசி நேரத்தில் பச்சைச் சாயம் ஏற்றியதில் துணியின் கண்கள் அடைத்து, காற்றே புகாமல் உடம்பு புண்ணாகியது. ஜப்பானியர்களின் பதுங்கு குழிகள் தென்னந்தடிகளாலும் மணல் நிரப்பிய பீப்பாய்களாலும் கட்டி மேலே செடி முளைத்தவை, சில அடி தூரத்தில் போய் நின்றால்கூடத் தெரியாது. இந்த நிலையில் மெக்ஆர்தர் புதுத் தளபதி ஐக்கல்பெர்கரை அனுப்பி, பூனாவைப் பிடி, இல்லையென்றால் உயிரோடு திரும்பாதே என்றார். 1943 ஜனவரி 2 அன்று பிடித்தார்கள். ஆனால் அந்த டிவிஷனிலிருந்து அங்கே போன சுமார் 10,800 பேரில் 7,000க்கும் மேற்பட்டவர்களை மலேரியாவும் பிற காய்ச்சல்களும் வயிற்றுக்கடுப்பும் சாய்த்துவிட்டன. பின்னாளில் வீரர்களை வரிசையில் நிறுத்தி, மலேரியாவைத் தடுக்கும் அட்டபிரின் மாத்திரையைக் கொடுத்து, விழுங்குகிறானா என்று அதிகாரி பார்த்துக்கொண்டே இருப்பார். கசப்பு ஒரு பக்கம், தோல் மஞ்சளாவது ஒரு பக்கம், ஆண்மை போய்விடும் என்ற வதந்தி வேறு.

கேள்வி (ஊட்டி வாசகர்): எல்லாமே வெப்பமான தீவுகள்தானா?

இல்லை. அலாஸ்கா பக்கம் அட்டு தீவு. 1943 மே மாதம் 7வது தரைப்படை டிவிஷன் அங்கே இறங்கியது. ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்காகக் கலிபோர்னியாவில் பயிற்சி பெற்றவர்களைப் பனியும் சேறுமான இடத்துக்குத் தவறான காலணியோடு அனுப்பிவிட்டார்கள். 549 பேர் செத்தார்கள், குளிரால் கால் அழுகிப் போனவர்கள் அதைவிட அதிகம். ஆகஸ்டில் கிஸ்கா தீவுக்குச் சுமார் 34,000 பேர் போய் இறங்கினால், ஜப்பானியர்கள் மூடுபனியில் இரண்டு வாரத்துக்கு மேலாகவே கிளம்பிப் போயிருந்தார்கள்.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): இந்திய ராணுவம் இப்படித் தீவுப் போர் எதுவும் நடத்தியதா? பர்மாவில் ஆயிரம் ஜப்பானியர்களை முதலைகள் தின்றுவிட்டன என்று யூடியூபில் பார்த்தேன்.

இரண்டு கேள்விக்கும் ஒரே ஊர்தான் பதில்: ராம்ரீ தீவு. 1945 ஜனவரி 21 அன்று 26வது இந்திய டிவிஷனின் 71வது பிரிகேட் அங்கே கடல்வழியாக இறங்கியது. ஆறு வாரம்கூட இல்லை, தீவு கைக்கு வந்தது. சுமார் ஆயிரம் பேர் கொண்ட ஜப்பானியக் காவல்படை பின்வாங்கிச் சதுப்புநிலக் காட்டுக்குள் புகுந்தது உண்மை. ஆனால் அவர்களில் ஐந்நூறு பேர் அளவுக்கு மறுகரை சேர்ந்துவிட்டார்கள், அப்புறம் ஆயிரம் பேரை முதலை எப்படித் தின்னும்? மற்றவர்களில் பெரும்பாலோரைத் தாகமும் வயிற்றுக்கடுப்பும் துப்பாக்கிக் குண்டும்தான் கொன்றன. முதலை ஓரிருவரைப் பிடித்திருக்கலாம். இறங்கிச் சண்டை போட்ட இந்தியச் சிப்பாயை விட்டுவிட்டு முதலையைப் பற்றி மட்டும் வீடியோ போடுகிறார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது பிடிபட்ட இந்திய வீரர்கள் ஆயிரக்கணக்கில் நியூகினிக்கும் நியூபிரிட்டனுக்கும் கூலி வேலைக்குக் கப்பல் ஏற்றப்பட்டார்கள். பசியிலும் நோயிலும் பலர் அங்கேயே செத்தார்கள். மிஞ்சியவர்களைப் பெரும்பாலும் 1945இல் ஆஸ்திரேலியப் படைகள்தான் மீட்டன. இவர்களைப் பற்றி நம் பள்ளிப் பாடத்தில் ஒரு வரிகூட நான் பார்த்ததில்லை. உங்கள் தாத்தாவோ பெரியப்பாவோ அந்தக் காலத்தில் பட்டாளத்தில் இருந்தவர் என்றால், பழைய கடிதமோ சம்பளப் புத்தகமோ பெட்டியில் கிடந்தால், தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். எங்களுக்கு எழுதுங்கள், அடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம்.