அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பள்ளி வரி ஆண்டுக்கு ஒரு மில் ஏறுகிறதே, அந்தப் பணம் பள்ளிக்குத்தான் போகிறதா?

மில் என்பது, வரிக்காகக் கணக்கிடும் சொத்து மதிப்பில் (வரிமதிப்பில்) 1,000 டாலருக்கு 1 டாலர் என்ற வரி விகிதம். கேள்வியில் சொன்ன ஏற்றம், பழைய வரித் தவறைத் திருத்தும் 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தால் (மசோதா எண் 1164) வருவது. பள்ளிக்கு அதனால் கூடுதலாக எதுவும் கிடைப்பதில்லை.

ஒரு பள்ளி மாவட்டத்துக்கு (ஒரு பகுதியின் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்; இனி மாவட்டம்) எவ்வளவு தேவை என்பதை, மாணவர் எண்ணிக்கையை வைத்து மாநிலச் சூத்திரம் முடிவு செய்கிறது. அதில் உள்ளூர்ச் சொத்து வரியும் வாகன வரியில் ஒரு பங்கும் போக, மீதியை மாநிலம் தருகிறது. உள்ளூரில் ஒரு டாலர் கூடினால் மாநிலப் பங்கில் ஒரு டாலர் குறையும்.

1992-இல் வந்த டேபர் (TABOR) என்ற மாநில அரசியல் சட்டத் திருத்தம் வரி வருவாய் வளர்ச்சிக்கு வரம்பு கட்டியது. ஏறக்குறைய எல்லா மாவட்டங்களிலும் மக்கள் வாக்களித்து அந்த வரம்பை விலக்கினார்கள். ஆனாலும் மில்லைக் குறைத்துக்கொண்டே வரும்படி மாநிலக் கல்வித்துறை மாவட்டங்களுக்குச் சொல்லிவந்தது. குறைந்ததையெல்லாம் மாநிலக் கருவூலம் ஈடுகட்டியது. ஒரே விலையுள்ள இரண்டு வீடுகள், மாவட்டம் வேறு என்பதற்காக வெவ்வேறு மில் கட்டின. இது அநியாயம், திருத்தியே ஆகவேண்டியது.

18 மில் வசூலித்த மாவட்டத்தில் இருந்திருக்க வேண்டியது 27 என்று வையுங்கள் (27 தான் உச்சவரம்பு). விகிதத்தை 27 என்று எழுதி, 9 மில்லை வரிக்கழிவாகக் காட்டுவார்கள். அந்தக் கழிவு ஆண்டுக்கு அதிகபட்சம் 1 மில் குறையும்; அதனால் வசூலாகும் மில் 19, 20, 21... என்று ஏறும். 2021-இல் வீடுகளின் வரிமதிப்பு சந்தை மதிப்பில் 7.15 சதவீதம். 5,00,000 டாலர் வீட்டுக்கு வரிமதிப்பு 35,750. ஒரு மில் ஏறினால் ஆண்டுக்கு 35.75 டாலர்.

மறுவாக்கெடுப்பு வேண்டாமா என்றால், வேண்டாம். வரம்பை விலக்கியபோதே மக்கள் ஒப்புதல் கிடைத்துவிட்டதால் இந்தத் திருத்தம் செல்லும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2021-இல் சொல்லிவிட்டது.

மாவட்ட அலுவலகங்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. டிசம்பர் 15-க்குள் கவுன்ட்டிக்கு (மாநிலத்துக்குள் உள்ள உள்ளாட்சி நிர்வாகம்) அனுப்பும் வரி விகிதச் சான்றில், பொதுத் திட்ட மில் (மேலே சொன்ன சூத்திரத்துக்கான மில்), வாக்காளர் தனியாக ஒப்புக்கொண்ட கூடுதல் மில், கடன் பத்திர மில் மூன்றும் தனித்தனி வரிசையில் நிற்கவேண்டும். கழிவு முதல் வரிசைக்கு மட்டுமே. தவறுதலாகக் குறைத்து எழுதினால், சட்டப்படி வசூலிக்க உரிமையுள்ள தொகையை வைத்துத்தான் மாநிலம் தன் பங்கைக் கணக்கிடும். துண்டுவிழுவது மாவட்டத்தின் தலையில். அனுப்பும் முன் மில்லை வரிமதிப்பால் பெருக்கி 1,000-ஆல் வகுத்து, வரும் தொகையை மாநிலம் தந்த தாளோடு ஒப்பிட்டுவிடுங்கள்.