நோவாரா அறை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இத்தாலியில் திரியெஸ்தே அருகே உள்ள மிராமாரே மாளிகையில் ஆஸ்திரிய இளவரசர் மாக்சிமிலியனின் படிப்பறையைப் படத்தில் பார்த்தேன். அசல் கப்பல் உள்ளறை! உலகைச் சுற்றிவந்த தன் நோவாரா கப்பலைப் பிரித்து, அந்தப் பலகைகளை இங்கே பதித்தார் என்று படத்தின் கீழே போட்டிருந்தது. உண்மையா? என் வீட்டிலும் பத்தடி உயர அறை ஒன்றை இப்படி மாற்ற ஆசை. பழைய சுக்கான் சக்கரமும் நங்கூரமும் வாங்கியாயிற்று.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஆண்டுகளை வரிசையாக வைத்தாலே பலகைக் கதை நிற்காது. அவரும் மனைவி சார்லட்டும் அங்கே குடிவந்தது 1860 கடைசியில். நோவாரா உடைக்கப்பட்டது 1899இல். நடுவில் 1864இல் பேரரசராகப் பதவியேற்க அவரை மெக்சிகோவுக்கு ஏற்றிப்போனதும், அங்கே சுட்டுக்கொல்லப்பட்டபின் உடலைக் கொண்டுவந்ததும் அதே கப்பல்தான். 1857-59 உலகச் சுற்றில் அவர் போகவே இல்லை; ஆஸ்திரியக் கடற்படைத் தலைவராக இருந்து அனுப்பிவைத்தவர். அந்தச் சுற்றில் நோவாரா 1858இல் இலங்கையின் காலிக்கும் பிறகு மதராசுக்கும் வந்தது. மதராசில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் வெளியே நிற்கும். ஆட்கள் மசூலா படகில் கரை சேர்வார்கள். ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த படகு அது. விறைப்பாக இருந்தால் அலையில் மோதி உடைந்துவிடும்.

படிப்பறை, நோவாராவின் பின்பக்க அதிகாரிகள் கூடத்தைப் பார்த்துச் செய்தது. கப்பல் சாயலைத் தருவது தாழ்ந்த கூரையும் சுவரை மூடிய மரமும். வெறும் சக்கரத்தை மாட்டினால் மீன் உணவகம்தான் கிடைக்கும்.

உங்கள் அறையில் கூரை முழுவதையும் இறக்காதீர்கள், மின்விசிறி தலைக்கு வந்துவிடும். மேசைக்கு மேல் மட்டும் ஏழரை அடிக்கு இறக்கினால் போதும். பலகையைச் சுவரோடு ஒட்ட அடிக்கக் கூடாது. ஓர் அங்குல ரீப்பர் கட்டைகளைச் சுவரில் அடித்து அதன்மேல் பொருத்தி, மேலும் கீழும் அரை அங்குலம் காற்றுக்கு விடுங்கள். குளியலறைப் பக்கச் சுவரானால் முதலில் ஓதத்தைச் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் பூஞ்சை, அப்புறம் கரையான். கடலோர ஊரில் இரும்புத் திருகு துருவழிந்து மரத்தில் கறை இறங்கும். பித்தளை அல்லது எவர்சில்வர் போடுங்கள்.

மேசை விளிம்பில் அரை அங்குலக் கட்டை ஓட்டச் சொல்லுங்கள். கப்பல் ஆடும்போது சாமான் உருளாமலிருக்க வைப்பது. நான்கு மூலையிலும் இடைவெளி விடாவிட்டால் தூசியைத் துடைத்து வெளியே தள்ள முடியாது.

நங்கூரம் வாசலிலேயே இருக்கட்டும்.