மொத்த வெப்பத்தை ஒரே வெப்பநிலையால் வகுக்கலாமா?

கேள்வி: 0 டிகிரி செல்சியஸில் உள்ள ஒரு மோல் (18 கிராம்) பனிக்கட்டியை 100 டிகிரி நீராவியாக மாற்றினால் என்ட்ரோபி எவ்வளவு கூடும்? தேவையான வெப்பம் முழுவதையும் கூட்டி 373-ஆல் வகுத்தேன், 145 வந்தது. சரியான விடை 154 என்று போட்டிருக்கிறார்கள். அதோடு, உருகும்போது வெப்பநிலையே மாறாதபோது என்ட்ரோபி மட்டும் எப்படி மாறுகிறது?

வெப்பத்தைச் சரியாகத்தான் கூட்டியிருக்கிறீர்கள்: உருக 6.01, சூடாக 7.53, ஆவியாக 40.65, ஆக மொத்தம் சுமார் 54.2 கிலோஜூல். தவறு வகுத்த இடத்தில். உள்ளே போகும் வெப்பத்தை, அது போகும்போது இருக்கும் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால் வருவதுதான் என்ட்ரோபி மாற்றம். அந்த 54.2 கிலோஜூலும் 373 கெல்வினில் உள்ளே போகவில்லையே! முதல் 6 கிலோஜூல் 273 கெல்வினில் போனது, அடுத்தது ஏறிக்கொண்டே இருந்த வெப்பநிலையில் போனது, கடைசிப் பெரும்பங்கு மட்டும்தான் 373-இல். ஒரே அளவு வெப்பம் குறைந்த வெப்பநிலையில் போனால் என்ட்ரோபியை அதிகம் கூட்டும் என்பதால், எல்லாவற்றையும் 373-ஆல் வகுத்த உங்கள் விடை குறைந்துபோனது.

துண்டுதுண்டாகப் போடுங்கள். உருகுதலுக்கு 6010-ஐ 273.15-ஆல் வகுத்தால் 22.0 ஜூல்/கெல்வின். கொதித்தலுக்கு 40650-ஐ 373.15-ஆல் வகுத்தால் 108.9. நடுவில் நீர் சூடாகும் பகுதியில் வெப்பநிலை நிலையாக இல்லை, அதனால் நேரடி வகுத்தல் செல்லாது. மோலார் வெப்ப ஏற்புத்திறன் (ஒரு மோல் நீரை ஒரு கெல்வின் சூடாக்கத் தேவையான வெப்பம்) 75.3 ஜூலை, 373.15/273.15 என்ற விகிதத்தின் இயல் மடக்கையால் (0.312) பெருக்க வேண்டும், 23.5 வரும். கூட்டினால் 154.4. கிலோஜூலை ஜூலாக மாற்றவும், செல்சியஸைக் கெல்வினாக மாற்றவும் மறந்துவிடாதீர்கள், இந்த மாதிரிக் கணக்கில் பாதி மதிப்பெண் அங்கேதான் போகிறது.

இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. வெப்பநிலை என்பது மூலக்கூறுகளின் சராசரி இயக்க ஆற்றலைக் காட்டுவது. உருகும்போது உள்ளே போகும் வெப்பம் அந்த இயக்கத்தைக் கூட்டுவதில்லை, படிகத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தளர்த்துவதில் செலவாகிறது, அதனால் வெப்பநிலைமானி அசையாது. என்ட்ரோபி கணக்கெடுப்பதோ வேறு ஒன்றை: மூலக்கூறுகளும் ஆற்றலும் எத்தனை விதமாக அமைந்திருக்க முடியும் என்பதை. படிகத்தில் தன் இடத்தைவிட்டு நகராத மூலக்கூறு திரவத்தில் இடம் மாறித் திரிகிறது, அமையக்கூடிய விதங்கள் பெருகுகின்றன. கொதிக்கும்போது நடப்பது இதைவிடப் பெரிது. 18 மில்லிலிட்டர் சொச்சம் இருந்த நீர், சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ 30 லிட்டர் ஆவியாகப் பரவுகிறது. உருகுதலுக்கு 22, கொதித்தலுக்கு 109 என்ற இடைவெளிக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். (40.65 கிலோஜூலில் சுமார் 3 கிலோஜூல் சுற்றியுள்ள காற்றைப் பின்னுக்குத் தள்ளவே போய்விடுகிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை.)

சுற்றுப்புறத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் பனிக்கட்டி ஏன் தானாக உருகுகிறது என்பது புரியும். 25 டிகிரி அறையில் 10 கிராம் பனிக்கட்டி 0 டிகிரியில் உருகினால் 3340 ஜூலை வாங்கிக்கொள்கிறது. பனிக்கட்டிக்கு வரவு 12.2, அறைக்கு இழப்பு 3340-ஐ 298-ஆல் வகுத்து 11.2, மொத்தத்தில் 1 ஜூல்/கெல்வின் மிச்சம். மொத்த என்ட்ரோபி இப்படிக் கூடுவதால்தான் அது தானாக உருகுகிறது. அறையும் 0 டிகிரியில் இருந்தால் இரண்டும் ஈடாகிவிடும். உருகவும் செய்யாது, உறையவும் செய்யாது.

ஒரு பொறி மட்டும் சொல்லிவிடுகிறேன், தேர்வில் அடிக்கடி வரும். மைனஸ் 5 டிகிரிக்கு மீக்குளிர்ந்த நீர் (0 டிகிரிக்குக் கீழே போயும் உறையாமல் திரவமாகவே இருக்கும் நீர்) உறையும்போது என்ட்ரோபி மாற்றம் கேட்டால், வெளிவரும் வெப்பத்தை 268-ஆல் வகுத்துவிடாதீர்கள், அது மீளா மாற்றம் (சிறிதளவு மாற்றத்தால் திருப்ப முடியாதது), அந்த வகுத்தல் மீள் மாற்றத்துக்கு மட்டுமே செல்லும். நீரை 0 டிகிரிக்குச் சூடாக்கி, அங்கே உறையவைத்து, பனிக்கட்டியைத் திரும்ப மைனஸ் 5-க்குக் குளிர்விப்பதாக எடுத்துக்கொண்டு மூன்று படிகளையும் கூட்டுங்கள். என்ட்ரோபி ஒரு நிலைச் சார்பு, போன வழியைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

விடையைச் சரிபார்க்க ட்ரூட்டன் விதி இருக்கிறது: பெரும்பாலான திரவங்களுக்குக் கொதித்தல் என்ட்ரோபி மோலுக்கு 85 முதல் 88 ஜூல்/கெல்வின் வரை, பென்சீனுக்கு 87. நீருக்கும் எத்தனாலுக்கும் இது பொருந்தாது. ஹைட்ரஜன் பிணைப்பால் அந்தத் திரவங்கள் ஏற்கெனவே ஒழுங்காக இருப்பதால் இரண்டுமே 110-ஐ ஒட்டி வரும்.