செம்பருத்திக்கு வர்ற குருவி

கேள்வி: அம்மா தவறுனதுல இருந்து எங்க சிங்கப்பூர் ஈசூன் வீட்டு காரிடார் செம்பருத்திக்கு ஒரு ஹம்மிங்பேர்ட் தினமும் வருது, இறந்தவங்கதான் அப்படி வருவாங்கன்னு யூடியூப்ல சொல்றாங்க, நிஜமா?

பதில்: ஹம்மிங்பேர்ட் அமெரிக்கக் கண்டங்கள்ல மட்டும்தான்மா இருக்கு, நீங்க பாக்குறது தேன்சிட்டு, அதுவும் கொஞ்ச நேரம் அந்தரத்துல நிக்கும், ஆனா பெரும்பாலும் கிளையில உக்காந்துதான் தேன் குடிக்கும். அந்த நம்பிக்கை மெக்சிகோ ஆஸ்டெக் மக்கள்கிட்ட இருந்துச்சு, போர்ல செத்த வீரருங்க ஹம்மிங்பேர்டா திரும்பி வருவாங்களாம். நமக்குத்தான் காக்கா இருக்கே (இங்க அதுக்கு சோறு வச்சா அபராதம், அது வேற கதை). அம்மாவா நெனச்சு சந்தோஷப்பட்டா யாரு கேக்கப்போறா? செடியில பை மாதிரி கூடு தொங்குனா மட்டும் குஞ்சு பறக்குற வரைக்கும் தொட்டியை நகத்தாதீங்க.